விசைப்பலகைக்கு அப்பால் நின்ற குறிகள்: தட்டச்சுப் பொறி முதல் சொற்செயலி வரை ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தின் வரலாறு பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துக்களின் தோற்றத்தையும் வடிவ மாற்றத்தையுமே பொருளாகக் கொண்டுள்ளன. கல், செப்பேடு, ஓலை, காகிதம் என எழுதப்படும் பொருள் மாறுந்தோறும் எழுத்தின் வடிவமும் மாறிவந்தமை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின், எழுத்தோடு சேர்ந்து வழங்கும் சிறு குறிகள் அத்துணைக் கவனத்தைப் பெற்றில. பணத்தையும் பின்னத்தையும் அளவையையும் நாளையும் குறித்து நின்ற இக்குறிகள் நெடுங்கணக்கில் இடம்பெறாதவை. இலக்கண நூலார் விதி கூறாதவை. எனினும் வணிகனின் கணக்கேட்டிலும் காணியுறுதியிலும் கடிதத் தலைப்பிலும் அன்றாடம் வழங்கியவை அவையே. எழுதும் கருவி கையிலிருந்து பொறிக்கு மாறியபோது இக்குறிகள் எந்நிலை அடைந்தன என்பதையும், இன்று சொற்செயலியில் அவற்றை இடுவதற்குக் கையாளப்படும் வழிகள் எவ்வாறு உருவாயின என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையால் எழுதுவோனுக்குக் குறிகளின் தொகையில் எல்லையில்லை. கை அறிந்த எந்த வடிவத்தையும் அவன் வரைதல் கூடும். அச்சுக்கோப்போனுக்கும் இவ்விடர் பெரிதன்று. தேவைப்படும் குறிக்கு அச்செழுத்தொன்றை வார்ப்பித்துப் பெட்டியில் ஓர் அறையை அதற்கு ஒதுக்கினாற் போதும். பொறியின் நிலை வேறு. பொறியில் விசைகளின் தொகை வரையறுக்கப்பட்டது. எக்குறிக்கு விசை கொடுப்பது, எக்குறியை விடுப்பது என்பதைப் பொறியை ஆக்கியோன் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். அவன் விட்டுவிட்ட குறியை எழுதவேண்டியவர்கள் பின்னர் ஏதேனும் ஒரு புறவழியைத் தேடுகின்றனர். சிறப்புக் குறிகளின் வரலாறு என்பது இப்புறவழிகளின் வரலாறே எனலாம்.

தட்டச்சுப் பொறியின் எல்லை

அமெரிக்கரான கிறிஸ்தோபர் லதம் ஷோல்ஸ் 1868ஆம் ஆண்டில் தமது தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அது 1874ஆம் ஆண்டு முதல் றெமிங்ரன் நிறுவனத்தாரின் தயாரிப்பாக விற்பனைக்கு வந்தது. அம்முதற் பொறியில் ஆங்கிலப் பேரெழுத்துக்கள் மட்டுமே இருந்தன. 1878இல் வெளிவந்த இரண்டாம் பொறியில் ஒரே விசை இரு குறிகளைத் தரும் மாற்று விசை அமைந்தமையால் சிற்றெழுத்துக்களும் இடம்பெற்றன. இதன்பின்னரும் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளைக் கொண்டு தொண்ணூறளவான குறிகளையே பொறி தாங்கிற்று.

இவ்வெல்லைக்குள் நின்றே தட்டெழுத்தாளர் பல உத்திகளைக் கண்டனர். பல பொறிகளில் ஒன்று என்னும் இலக்கத்திற்குத் தனி விசை இருக்கவில்லை. ‘எல்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தே அதற்குப் பயன்பட்டது. வியப்புக்குறி இல்லாத பொறியில் மேற்காற்குறியை அடித்து, ஓர் இடம் பின்னே சென்று, அதன்கீழ் முற்றுப்புள்ளியை அடித்தனர். பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கான பொறிகளில் ஒலிக்குறிகளுக்கென நகரா விசைகள் அமைக்கப்பட்டன. நகரா விசையை அடிக்கும்போது குறி தாளில் விழும், உருளை நகராது. அடுத்து அடிக்கப்படும் எழுத்து அக்குறியின்கீழ் வந்து பொருந்தும். இரு குறிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இட்டு மூன்றாவதொன்றை ஆக்கும் இக்கருத்துப் பிற்காலக் கணினி முறைகளிலும் மீண்டும் தோன்றுவதாதலின் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியும் இந்நகரா விசையின் துணையாலேயே இயல்வதாயிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சென்று, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் ஒரு சிறு பொறிக்குள் அடக்கும் வழியைக் கண்டவராவார். உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் விசை கொடுத்தல் இயலாதாகையால், மெய்யின் வடிவத்தையும் அதனோடு சேரும் புள்ளி, விசிறி முதலிய உறுப்புக்களையும் அவர் தனித்தனியே பிரித்தார். நகரா விசையாற் புள்ளியை முதலில் அடித்து, அதன்கீழ் ககரத்தை அடித்தாற் ககர மெய் தோன்றும். இவ்வமைப்பில் அவர் வகுத்த பொறி யேர்மனியில் உற்பத்தி செய்யப்பட்டது. தமிழ் அலுவலக மொழியாவதற்குரிய கருவியொன்று இவ்வாறு ஓர் ஈழத்தவரின் முயற்சியாற் கிடைத்தது.

ஆனால், உயிர்மெய்களுக்கே இத்துணை இடர்ப்பட்டு இடந்தேட வேண்டியிருந்த பொறியில், தமிழ் எண்களுக்கும் பழைய குறிகளுக்கும் விசை கிடைக்கவில்லை என்பதில் வியப்பில்லை. நாள் (௳), மாதம் (௴), வருடம் (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸), ரூபாய் (௹), இலக்கம் (௺) என்னும் பொருள்களைத் தந்த எட்டுக் குறிகளும் கையெழுத்தில் ஒரே இழுப்பில் எழுதப்படுவன. ஒரு சொல்லின் வேலையைச் செய்வன. தட்டச்சில் அவற்றை முழுச்சொற்களாகவோ முதலெழுத்தும் புள்ளியுமாகவோ எழுதும் வழக்கம் ஏற்பட்டது. அலுவலகக் கடிதங்களிலிருந்து அவை மறைந்தன. பஞ்சாங்கங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும், அதாவது அச்செழுத்து வார்ப்பித்து வைத்திருந்த அச்சுக்கூடங்களின் ஆளுகைக்குட்பட்ட இடங்களில், தொடர்ந்து வாழ்ந்தன.

பொறியே முழுக் காரணமா?

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழந்தமிழ்க் குறிகளின் மறைவுக்குத் தட்டச்சுப் பொறி ஒன்றனையே காரணமாகக் கூறுதல் வரலாற்றுண்மைக்குப் பொருந்தாது. பின்னக்குறிகளை எடுத்துக்கொள்வோமாயின் இது தெளிவாகும். எண்சுவடி கற்ற மாணவன் முந்திரி முதல் முக்கால் வரை பின்னங்களை மனனம் செய்தான். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா ஒன்று. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. நான்கு வீசம் ஒரு கால். ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு. நெல்லும் நிலமும் காசும் இப்பகுப்புக்களாலேயே அளக்கப்பட்ட காலத்தில் இக்குறிகள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாயின.

இலங்கையிலோ 1872ஆம் ஆண்டில் ரூபாய் நூறு சதமாக வகுக்கப்பட்டது. றெமிங்ரன் பொறி விற்பனைக்கு வருவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே நிகழ்ந்த மாற்றம் இது. சதக்கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளைக்கு வீசமும் காணியும் தேவைப்படவில்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு வரை ரூபாய் பதினாறு அணாவாக இருந்தமையால் வீசக்கணக்கு அங்கு நெடுங்காலம் பயன்பட்டது. திண்ணைப் பள்ளிகள் மறைந்து ஆங்கில முறைப் பாடசாலைகள் பெருகியமையும், பின்னர் மெட்ரிக் அளவைகள் வந்தமையும் எஞ்சியவற்றையும் வழக்கொழியச் செய்தன. ஆகவே, சமூகத் தேவை குன்றிய நிலையிலிருந்த குறிகளுக்குப் பொறி விசை கொடுக்கவில்லை. விசை இல்லாமையால் அவை முற்றாக நலிந்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின என்று கொள்வதே பொருத்தமாகும். தேவை குன்றாத குறிகளான மேற்படி, இலக்கம் முதலியன நலிந்தமைக்கே பொறியைச் சிறப்பாகப் பொறுப்பாக்கலாம்.

இலக்கமிட்ட குறிகள்

சொற்செயலியின் வரலாறு பொறியோடு காந்த நாடாவை இணைத்ததிலிருந்து தொடங்குகின்றது. 1961ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘செலெக்ரிக்’ என்னும் மின்தட்டச்சுப் பொறியில் எழுத்துத் தண்டுகளுக்குப் பதிலாக எண்பத்தெட்டுக் குறிகள் பொறித்த உருண்டையொன்று இருந்தது. உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாற் கிரேக்க எழுத்துக்களும் கணிதக் குறிகளும் கிடைத்தன. சிறப்புக்குறி ஒன்றுக்காக வேலையை நிறுத்தி உருண்டையை மாற்றுவதும், மீண்டும் பழையதை மாட்டுவதும் தட்டெழுத்தாளரின் பொறுமையைச் சோதித்தன. 1964ஆம் ஆண்டில் இப்பொறி காந்த நாடாவோடு இணைக்கப்பட்டது. நமது பாடநூல்கள் சொல்முறை வழிப்படுத்தல் என வழங்கும் தொடரின் ஆங்கில மூலம் இத்தகைய பொறிகளின் விற்பனையோடு பரவியதாகும்.

நாடாவிற் பதியப்படுவது குறியின் வடிவமன்று, அதற்குரிய இலக்கமே. இம்மாற்றம் மிக அடிப்படையானது. கையெழுத்திலும் தட்டச்சிலும் குறி என்பது தாளில் விழும் மை. கணினியில் அது ஓர் எண். திரையிலோ தாளிலோ தோன்றும் வடிவம் அவ்வெண்ணுக்குப் பின்னர் இடப்படும் உடை. எவ்வெண் எக்குறியைக் குறிக்கும் என்பதில் உடன்பாடு இல்லையெனில் ஒரு பொறியில் எழுதியதை மற்றொன்று படிக்க இயலாது. இவ்வுடன்பாட்டை நாடியே 1963ஆம் ஆண்டில் ‘அஸ்கி’ எனப்படும் அமெரிக்கத் தரம் வகுக்கப்பட்டது. 1967இல் அது திருத்தம் பெற்றது. ஏழு துணுக்குகளால் அமைந்த அதில் நூற்றிருபத்தெட்டு இடங்களே இருந்தன. கட்டுப்பாட்டுக் குறிகள் நீங்க, இடைவெளி உட்பட அச்சிடத்தக்கவை தொண்ணூற்றைந்து.

இத்தொகுதியில் ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் நிரல் எழுதுவோர் வேண்டிய அடைப்புக்களும் கோடுகளும் இடம்பெற்றன. தட்டச்சுப் பொறிகளிற் பரவலாக இருந்த அரை, கால் என்னும் பின்னக்குறிகளும் அமெரிக்கரின் சதக்குறியுங்கூட விடுபட்டன. பிரித்தானியரின் பவுண் குறிக்கு இடமில்லை. எனவே தமது நாட்டுத் தரத்தில் வேறொரு குறியை அகற்றி அவ்விடத்திற் பவுணை அவர்கள் வைத்தனர். சுவீடன் நாட்டவர் நெளிவடைப்புக்களை அகற்றித் தம் மொழிக்குரிய உயிரெழுத்துக்களை அங்கு வைத்தனர். விளைவாக ஒரு நாட்டில் அடைப்புக்குறியாக எழுதப்பட்டது மறுநாட்டில் எழுத்தாகத் தோன்றிற்று. ஒரே எண்ணுக்கு இரு பொருள் என்னும் இக்குழப்பம் அடுத்த முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்தது.

தட்டச்சுக் காலத்துப் பழக்கமொன்றும் இப்பொழுது இடராயிற்று. ஒன்றுக்குப் பதிலாக ‘எல்’ எழுத்தை அடித்துப் பழகியோர் கணினியிலும் அவ்வாறே செய்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வெவ்வேறு எண்கள். வடிவ ஒற்றுமை போதும் என்ற நிலை மாறி, குறியின் அடையாளமே முதன்மை பெறும் நிலை தோன்றியதை இச்சிறு நிகழ்வு காட்டுகின்றது.

புறவழிகளின் பெருக்கம்

1981ஆம் ஆண்டு ஓகத்து மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணினி வெளிவந்தது. அது எட்டுத் துணுக்குகளைக் கொண்டு இருநூற்றைம்பத்தாறு வடிவங்களைத் தாங்கியது. பவுண், பாகை, வர்க்கமூலம், அரை, கால், கிரேக்க எழுத்துக்கள் சில, கட்டம் வரையும் கோடுகள் எனப் பல அதில் அமைந்தன. இவற்றுக்கு விசைகள் இல்லாமையால் ‘ஓல்ற்’ விசையை அழுத்திக்கொண்டு இலக்கப் பகுதியிற் குறியின் எண்ணை அடிக்கும் முறை வந்தது. 156 என்று அடித்தாற் பவுண். 171 என்று அடித்தால் அரை. 248 என்று அடித்தாற் பாகை. எண்களை மனனம் செய்தல், அல்லது அவற்றை எழுதிய சிறு தாளொன்றை மேசையில் ஒட்டிவைத்தல் தட்டெழுத்தாளரின் தொழிற்கல்வியில் ஒரு பகுதியாயிற்று. முந்திரியும் காணியும் மனனம் செய்த எண்சுவடி மாணவனின் நிலையோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

இக்காலத்து எழுந்த ஏனைய வழிகளும் பலவாகும். ‘டிஜிற்றல் எக்விப்மென்ற்’ நிறுவனத்தார் 1980களின் தொடக்கத்தில் தமது விசைப்பலகையில் ‘சேர்ப்பு விசை’ ஒன்றை வைத்தனர். அதனை அடித்தபின் ஒன்று, இரண்டு என்னும் இலக்கங்களை அடித்தால் அரை என்னும் பின்னம் தோன்றும். நகரா விசையின் கருத்தே புதுவடிவில் மீண்டது எனலாம். 1984இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினியில் ‘தெரிவு’ விசையோடு ஏனைய விசைகளை அழுத்திச் சிறப்புக்குறிகளைப் பெறலாம். எவ்விசை எக்குறியைத் தரும் என்பதைத் திரையிலேயே காட்டும் சிறு கருவியும் உடனிருந்தது. அலன் அஷ்டன், புறூஸ் பஸ்தியன் ஆகியோரின் முயற்சியால் உருவான ‘வேட்பேர்பெக்ற்’ சொற்செயலி பல நூற்றுக்கணக்கான குறிகளைத் தொகுதிகளாக வகுத்து, தொகுதி எண்ணையும் குறி எண்ணையும் தந்து பெறச் செய்தது. மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் ‘வேட்’ சொற்செயலியோ குறிகளையெல்லாம் ஒரு கட்டத்தில் நிரைப்படுத்திக் காட்டி, வேண்டியதைத் தெரிந்து இடும் வழியைப் பரவலாக்கியது.

இவ்வழிகளினின்றும் வேறுபட்டது டொனால்ட் க்னூத் என்னும் கணினி அறிஞர் மேற்கொண்ட வழி. தமது நூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளை 1977இல் நோக்கிய அவர், கணிதக் குறிகளின் அச்சுத்தரம் தாழ்ந்திருந்தமை கண்டு மனம் பொறாது, தாமே அச்சுக்கோப்பு நிரலொன்றை ஆக்கத் தலைப்பட்டார். 1978இல் வெளிவந்த ‘ரெக்’ என்னும் அந்நிரலிற் குறிகளுக்கு எண்கள் இல்லை, பெயர்களே உண்டு. அல்ஃபா வேண்டுவோன் அச்சொல்லையே சாய்கோட்டுடன் எழுதினாற் போதும். எண்ணை மறக்கலாம், பெயரை மறத்தல் அரிது. கணித, பௌதிகத் துறையினரிடையே இம்முறை இன்றும் செல்வாக்குடன் விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எழுத்துருவால் விளைந்த மயக்கம்

மேற்கூறிய வழிகளுள் மிக எளிதாகவும் மிக ஆபத்தானதாகவும் அமைந்தது எழுத்துருவை மாற்றும் வழியாகும். 1985இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் ஒளி அச்சுப்பொறியில் ‘சிம்பல்’ என்னும் எழுத்துரு இருந்தது. அதைத் தெரிந்து ‘ஏ’ விசையை அடித்தால் அல்ஃபா வரும். ‘எம்’ விசையை அடித்தால் ‘மியூ’ வரும். ஆனாற் கோப்பிற் பதிவது மியூவின் எண்ணன்று. ‘எம்’ எழுத்தின் எண்ணே. எழுத்துரு என்னும் உடை நீங்கியதும் உள்ளிருப்பது வெளிப்படும்.

இதன் விளைவை மருத்துவத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மியூவோடு கிராம் சேர்ந்தால் மைக்ரோகிராம். அதாவது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ‘எம்’ எழுத்தோடு கிராம் சேர்ந்தால் மில்லிகிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சிம்பல் எழுத்துருவால் எழுதப்பட்ட ஒரு மருந்தளவு வேறொரு கோப்புக்குப் பெயர்க்கப்படும்போது எழுத்துருவை இழக்குமாயின், மைக்ரோகிராம் மில்லிகிராமாகத் தோன்றும். அளவு ஆயிரம் மடங்காகும். வாக்கியத்தில் எப்பிழையும் தென்படாது. படிப்பவன் ஐயுறவும் வழியில்லை. வெற்றிடம் விழுந்தாற் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பொருத்தமான வேறெழுத்து விழுந்தாற் பிழை உண்மையின் வேடம் பூணும்.

தமிழ் கணினியில் நுழைந்ததும் இவ்வாபத்தான வழியாலேயே என்பது குறிப்பிடத்தக்கது. 1980களிலும் 1990களிலும் ஆங்கில எழுத்துக்களின் எண்களுக்குத் தமிழ் வடிவங்களை உடுத்தி எழுத்துருக்கள் பல ஆக்கப்பட்டன. ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ எழுத்துரு இத்தகையது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியிற் பொருளற்ற குவியல். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கைக் கொண்டமையால், ஒருவர் அனுப்பிய கட்டுரையை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பவேண்டியிருந்தது. இருபதாண்டுக்காலத்துச் சஞ்சிகைகளும் மலர்களும் ஆவணங்களும் இவ்வாறு எழுதப்பட்டன. உரிய முறையில் மாற்றப்படாத கோப்புக்கள் ஓலைச்சுவடியினும் விரைவாக வாசிப்புக்கு எட்டாதனவாகும். ஓலையை அரிக்கும் செல்லுக்குக் காலம் வேண்டும். இதற்கோ எழுத்துரு ஒன்று காணாமற் போதலே போதும்.

இந்நிலையை நீக்கும் முயற்சிகளும் எழுந்தன. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு எழுத்துருத் தரங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் வகுத்தது. புலம்பெயர் தமிழ் அறிஞர் பலரின் கூட்டுழைப்பால் ‘தகுதரம்’ என்னும் எட்டுத்துணுக்குத் தரம் உருவாயிற்று. இவை குழப்பத்தைக் குறைத்தனவாயினும் அடிப்படை இடரை நீக்கவில்லை; ஏனெனில் எண்கள் இருநூற்றைம்பத்தாறையே அவை பங்கிட முயன்றன.

ஒருங்குறியும் பழைய குறிகளின் மீட்சியும்

உலகின் எல்லா எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓரெண் என்னும் கொள்கையை 1980களின் பிற்பகுதியில் ஜோ பெக்கர், லீ கொலின்ஸ், மார்க் டேவிஸ் ஆகியோர் வகுத்தனர். இதன் பயனாக 1991ஆம் ஆண்டு ஒருங்குறியின் முதற் பதிப்பு வெளிவந்தது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு, இடங்களின் தொகையைப் பத்து இலட்சத்துக்கு மேலாக விரித்தது. குறியின் அடையாளம் எண். வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. இவ்விரண்டையும் மயக்கலாகாது என்பதே ஒருங்குறியின் சாரம். மியூவுக்கும் ‘எம்’ எழுத்துக்கும் இனி வெவ்வேறு எண்கள். எழுத்துரு இல்லையெனின் வெற்றுப் பெட்டியொன்று தோன்றும், வேற்றெழுத்துத் தோன்றாது. தவறான விடையினும் விடையின்மை மேலானது என்பதை இவ்வமைப்பு ஏற்றுக்கொண்டது.

முதற் பதிப்பிலேயே தமிழுக்கு நூற்றிருபத்தெட்டு இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இந்தியத் தரமொன்றனைத் தழுவி அமைந்தமையால் இந்திய எழுத்துக்கள் யாவும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. தமிழில் இல்லாத எழுத்துக்களின் இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. உயிர்மெய்களுக்குத் தனி எண் தரப்படாமை பற்றிய விவாதம் நெடிது நடந்தது. எனினும் 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இலங்கையில் 2008ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியையொட்டிய தமிழ்த் தரம் வெளியிடப்பட்டிருந்தது.

பழைய குறிகளின் மீட்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. தமிழ் எண்கள் ஒன்று முதல் ஆயிரம் வரை தொடக்கத்திலேயே இடம்பெற்றன. நாள், மாதம், வருடம் முதலிய எட்டுக் குறிகளும் 2003இல் வந்த நான்காம் பதிப்பிற் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் பதிப்பு ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ என்னும் பகுதியில் ஐம்பத்தொரு குறிகளுக்கு இடமளித்தது. முந்திரி முதல் முக்கால் வரையான பின்னங்கள், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய முகத்தலளவைகள், காசு, பணம், பொன், வராகன் என்னும் நாணயங்கள், குழி, வேலி என்னும் நிலவளவைகள், நன்செய், புன்செய் என்பவற்றின் குறிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். தட்டச்சுப் பொறி விட்டுச்சென்றவற்றைக் கணினி மீட்டெடுத்தது எனலாம்.

எண்ணும் விசையும்

எண் கிடைத்தமையால் மட்டும் ஒரு குறி வழக்குக்கு வந்துவிடுமா என்பது அடுத்து எழும் வினாவாகும். ‘வேட்’ சொற்செயலியில் ‘0பீஎஃப்3’ என்னும் எண்ணை ஆங்கில எழுத்துக்களால் அடித்து, ‘ஓல்ற்’ விசையோடு ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் ௳ என்னும் குறி தோன்றும். நான்கு விசைகளை அடித்து எண்ணையும் நினைவில் வைத்து ஒரு குறியைப் பெறுவதினும் ‘நாள்’ என்று எழுதுதல் எளிது. ஐரோப்பிய நாணயமான யூரோவுக்கு 1998இல் ஒருங்குறியில் எண் வழங்கப்பட்டது. நாணயம் வழக்குக்கு வருமுன்னரே விசைப்பலகைகளிலும் அது ஏறத் தொடங்கியது. இந்திய ரூபாய்க்கு 2010 யூலையிற் குறி அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே எண் கிடைத்தது. அவற்றின் பின்னால் அரசுகளும் வங்கிகளும் நின்றன. முந்திரியின் பின்னால் நிற்போர் சுவடியாய்வாளர் சிலரே.

எளிமையை நாடும் பழக்கம் உண்மையான எழுத்துக்களையே சிதைத்தலும் உண்டு. ஔகாரத்தை எழுதும்போது ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்போர் பலராவர். தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தட்டச்சுப் பொறிக்கு அது போதும். ஆனால் நூலகப் பட்டியலில் ஔவையாரைத் தேடுவோனுக்கு ஒகரமும் ளகரமும் இட்டு எழுதப்பட்ட ஔவையார் கிடைக்கமாட்டார்; அகரவரிசையிலும் அவர் பிழையான இடத்தில் நிற்பார். தமிழ் எண்ணான ஒன்றுக்குப் பதிலாகக் ககரத்தையும், எட்டுக்குப் பதிலாக அகரத்தையும் இடுவதும் இத்தகையதே. ‘எல்’ எழுத்தை ஒன்றாக அடித்த பழைய பிழை தமிழிலும் மீள்கின்றது.

இவ்வழுக்கள் வெறும் எழுத்துப் பிழைகளாக நின்றுவிடுவன அல்ல. ஒரு பழைய கணக்கேட்டையோ சாசனத்தையோ பெயர்த்தெழுதுவோன் பின்னக்குறியைக் காணுமிடத்து அதை விட்டுவிடலாம். ஒத்த வடிவுடைய எழுத்தொன்றை இடலாம். அல்லது உரிய குறியை இடலாம். முதலாவதாற் சான்று குறைகின்றது. இரண்டாவதாற் சான்று பொய்யாகின்றது. மூன்றாவதால் மட்டுமே மூலத்தை என்றும் காணாத ஓர் ஆய்வாளன் அந்நிலத்தின் அளவையும் அந்நெல்லின் கணக்கையும் சரியாக அறிவான். சமூக, பொருளாதார வரலாற்றுக்குரிய சான்றுகள் பெரும்பாலும் இத்தகைய ஏடுகளிலேயே பொதிந்துள்ளமையால், குறியை இடும் முறை வரலாற்று முறையியலின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நகரா விசை, மாற்று உருண்டை, எண் அடித்தல், சேர்ப்பு விசை, எழுத்துரு மாற்றம், குறிக்கட்டம் ஆகிய யாவும் குறைந்த விசைகளைக் கொண்டு மிகுந்த குறிகளைப் பெற மனிதன் கண்ட வழிகளாகும். அவற்றுள் வடிவத்தை மட்டும் தந்தவை காலத்தால் நிலைக்கவில்லை. அடையாளத்தைக் காத்தவையே நிலைத்தன. தமிழைப் பொறுத்தவரை இடம் போதாது என்னும் காரணம் இன்று இல்லை. எண்கள் கிடைத்துள்ளன, எழுத்துருக்களும் ஆக்கப்பட்டுள்ளன. எஞ்சியிருப்பது அறிவும் பழக்கமுமே. முந்திரியும் காணியும் மீண்டும் சந்தைக்கு வரப்போவதில்லை, வரவேண்டியதுமில்லை. ஆனால் அவற்றை எழுதிவைத்த முன்னோரின் கணக்கை உள்ளவாறு படிக்கவும் உள்ளவாறு பெயர்த்தெழுதவும் வல்ல தலைமுறையொன்று இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களில் வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்கள் கல்வெட்டெழுத்தைக் கற்பது போன்றே இக்குறிகளின் பெயரையும் பெறுமதியையும் அவற்றைக் கணினியில் இடும் முறையையும் கற்பார்களாயின், பொறியின் எல்லையால் நேர்ந்த இழப்பின் ஒரு பகுதியேனும் ஈடுசெய்யப்படும்.